குவைத்திலிருந்து வந்த நிழல்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் வட்டமாகக் குந்திக்கொண்டு, ஒரு குழாயின் நிழல் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாய்தான். தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி அறுத்து நட்டிருந்தோம். சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, உச்சியில் நூல் கட்டி ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிட்டிருந்தோம். மீன் வலையின் அடிக்கயிற்றில் கோப்பார்களே, அந்தக் குண்டு. எங்கள் பள்ளி இருக்கும் கட்டுமாவடிப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் கைநிறைய அள்ளிக் கொடுப்பார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு சோடா மூடியை வைத்தோம். மூடிகள் குழாயை நோக்கி நெருங்கி வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூட மணி பன்னிரண்டு அடித்தது. நிழல் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் குறைந்தது. பிறகுதான் ஒரு கூச்சல் எழுந்தது.

“டீச்சர், திரும்பிருச்சு! நெழலு திரும்பிருச்சு!”

இருந்ததிலேயே குட்டையான நிழலை டேப் வைத்து அளந்தோம். பதினெட்டு சென்டிமீட்டர்.

காற்று திரும்பியதும், எங்கோ காயப்போட்ட கருவாட்டு வாசனை மைதானம் முழுக்க வந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு வகுப்பே ஒரு எண்ணை அவ்வளவு ஆசையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

இது நடந்து ரொம்ப காலம் ஆகிவிடவில்லை. புரட்டாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “கணக்கு டீச்சர் என்கிறீர்கள், கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறீர்களே?” நியாயம்தான். இந்த வாரம் முழுக்கக் கணக்கு. பயப்படாதீர்கள், ஒரே ஒரு சங்கதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வருடத்தில் இரண்டு நாள், பகலும் இரவும் சமமாக இருக்கும். அன்றைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நாளின் உச்சிப் பொழுதில் ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தால், அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வடக்கே போகப் போக நிழல் நீளும். பத்து டிகிரியில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு சாண் அளவு. சிங்கப்பூரில் ஒரு விரல் அகலம். குவைத்தில் அரை மீட்டரைத் தாண்டும். நிழலைச் சொன்னால் ஊரைச் சொல்லலாம். அவ்வளவுதான்.

தண்டு, வேர், இலை

இதெல்லாம் என் மூளையில் உதித்தது அல்ல. புதுக்கோட்டையில் ஒரு பயிற்சி நடந்தது. ‘ஸ்டெம் பயிற்சி’ என்று சுற்றறிக்கை வந்ததும், எங்கள் தலைமையாசிரியர் உயிரியல் டீச்சரை அனுப்பப் பார்த்தார். தண்டு, வேர், இலை சமாச்சாரம் என்று நினைத்துவிட்டார். அந்த அம்மா சாமர்த்தியசாலி. முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டு, “இதுல கணக்குதாங்க சார் நெறைய இருக்கு” என்று என் தலையில் கட்டினார்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று நான்கையும் நான்கு டப்பாவில் அடைக்காமல் ஒன்றாகக் கலந்து நடத்த வேண்டும் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். சாம்பார் சாதம் மாதிரி என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்து, “எங்க ஸ்கூல்ல நாலுக்கும் நான் ஒருத்திதாங்க. ஏற்கனவே சாம்பார் சாதந்தான்” என்றார். சாப்பாட்டு இடைவேளை வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மற்றவர்கள் சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எனக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

முக்கோணவியலைப் போலத் தனிமையான பாடம் கிடையாது. நான் படித்த காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு கம்பம் தனியாக நிற்கும். ஒரு மரம் தனியாக நிற்கும். கலங்கரை விளக்கின் உச்சியில் ஒருவர் ஏறி நின்றுகொண்டு கடலில் வரும் படகைப் பார்ப்பார். படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்பார்களே தவிர, அந்தப் படகில் யார் வருகிறார்கள், அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்கவே மாட்டார்கள். சின்ன வயதில் அந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிறகும், அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

நான் அறந்தாங்கியில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா இருந்தவரை இரண்டு பேர். இப்போது ஒருத்தி. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்பதை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதி, உங்களில் பாதிப் பேரிடம் திட்டும் வாங்கியாயிற்று. திரும்பவும் அதற்குள் போக வேண்டாம். ஒருத்திக்குச் சமைப்பது பெரிய தொல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளுக்கு ரசம் வைத்தால் அது ரசமாகவே வருவதில்லை.

கணக்கில் ஆட்களைச் சேர்க்கலாம் என்று அந்தப் பயிற்சியில் யாரோ சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனால்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

“ஒங்களுக்கு யாரு டீச்சர்?”

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு கிடையாது. அதனால் ஒரு யோசனை செய்தேன். நாங்கள் இங்கே அளக்கும் அதே நாளில், பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் அவரவர் ஊரில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, உச்சி வேளை நிழலை அளந்து என் போனுக்கு அனுப்ப வேண்டும். அதை ஒரு பெரிய சார்ட்டில் எழுதி, ஒரு டிகிரிக்கு நூற்றுப் பதினோரு கிலோமீட்டர் வீதம், ஒவ்வொரு ஊரும் நம் ஊரிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம், தெற்கே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவோம். அரிமளத்தில் நடக்கவிருந்த பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அந்தச் சார்ட் போகும்.

ஜெனிபருக்குச் சிங்கப்பூரில் அண்ணன். இன்னொருத்திக்கு மஸ்கட்டில் சித்தப்பா. கை கையாகத் தூக்கினார்கள். கடைசியில் அபிநயா எழுந்தாள்.

“எங்க அப்பா குவைத்துல இருக்காங்க டீச்சர்.”

அபிநயா அதிகம் பேசாத பிள்ளை. கேட்டால் எழுந்து சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் ஆறாவது படிக்கும்போது அப்பா முருகேசன் போனவர். அதன் பிறகு ஊர்ப் பக்கம் வரவில்லை. அம்மா செல்வி மீன் ஏலக்கடைக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தார்.

“வீடியோ கால்ல வந்து அளக்கச் சொல்லேன். எல்லாரும் பாக்கலாமே” என்றேன்.

“அப்பா ரூம்ல நெட்டு சரியில்லையாம் டீச்சர். வீடியோ வராது. பேச மட்டுந்தான் செய்வாங்க.”

குச்சியை எப்படி நட வேண்டும், நூலில் எதைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். அபிநயா என் போனைக் கேட்டு வாங்கி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அப்பாவுக்குத் தனியாக ஏதோ பேசி அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவும் பெண்ணும் பேசுவதில் எனக்கென்ன வேலை என்று நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஜெனிபர் வாயைத் திறந்தாள். “ஒங்களுக்கு யாரு டீச்சர் வெளியூர்ல?”

“எனக்கு யாரும் இல்லடி.”

“உள்ளூர்ல?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் அழித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்று

அளந்த அன்று பிற்பகலில் அளவுகள் ஒவ்வொன்றாக வந்தன. சிங்கப்பூர் அண்ணன் இரண்டு சென்டிமீட்டர் என்று எழுதி, நம்ப முடியாமல் நாலு கேள்விக்குறி போட்டிருந்தான். மஸ்கட் சித்தப்பா நாற்பத்து நான்கு. இரண்டும் கச்சிதம். குவைத்திலிருந்து இரண்டரை மணிக்கு மேல் வந்தது. அங்கே பொழுது நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் அதுவும் சரியான நேரம்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சார்ட்டைத் தரையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முருகேசன் அனுப்பியதைத் திறந்தேன்.

‘டீச்சர் வணக்கம். 23.’

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குவைத்துக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாமல் வர வேண்டும். மனிதர் குச்சியைச் சாய்த்து நட்டிருப்பார், இல்லையென்றால் அரை மீட்டர் குச்சியை வைத்திருப்பார் என்று நினைத்தேன். படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டேன். உடனே வந்துவிட்டது.

அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. நேரான இரும்புக் கம்பி. ஒரு மீட்டர் உயரத்தில் பெயின்ட் அடையாளம். நூலில் தொங்கும் போல்ட் நட்டு, கம்பியை உரசாமல் நெருங்கி நின்றது. நிழல் நகர நகரச் சுண்ணாம்பில் வைத்த புள்ளிகள். அளவு டேப் கச்சிதமாக இருபத்து மூன்றில் நின்றது. தப்பே இல்லை.

படத்தின் ஓரத்தில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம், வயிற்றில் பாதி தெரிந்தது.

அளவு சரியாக இருந்தால் விடையும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? நிழலை டிகிரியாக மாற்றும் அட்டவணையைப் பார்த்தேன். பதின்மூன்று டிகிரி. குவைத் இருபத்தொன்பது. குவைத்தில் எந்த மூலையில் நின்றாலும் பதின்மூன்று வராது. மறுபடியும் குடத்தைப் பார்த்தேன். பதின்மூன்று டிகிரியில், பச்சைக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஊர் எது என்று கண்டுபிடிக்க எனக்கு அட்லஸ் தேவைப்படவில்லை.

அடுக்களையில் குக்கர் சத்தம் போட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, மறுபடி அந்த எண்ணின் முன்னால் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. “இங்க பாரேன், இந்த மனுஷன் மெட்ராஸுல இருந்துக்கிட்டு...” என்று ஆரம்பிக்க ஒரு ஆள். தனியாக இருப்பவர்களுக்குத் துக்கத்தைவிட இதுதான் கஷ்டம். ஒரு விஷயம் தெரிந்துவிடும்; தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்க எதிரில் ஆள் இருக்காது.

மறுநாள் காலையில் அந்தச் சார்ட்டை வகுப்பில் மாட்ட வேண்டும். ‘அபிநயாவின் அப்பா’ என்ற வரிசையில் இருபத்து மூன்று என்று எழுதினால், ஒன்பதாம் வகுப்பே கணக்குப் போட்டுவிடும். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஐம்பத்தைந்து என்று எழுதினால் நான் கணக்கு டீச்சராக இருக்க லாயக்கில்லை.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

லக்கேஜ் எதுவும் இல்லையா?

“வணக்கம் டீச்சர். அளவு சரியா வந்துச்சுங்களா?”

“ரொம்பச் சரியா வந்துருக்குங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

பின்னால் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

“மெட்ராஸ்லதாங்க டீச்சர்” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இருந்தவர்களை எல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

“ஏர்போர்ட்லேருந்து நேரா பஸ் ஸ்டாண்டுக்குத்தாங்க வந்தேன். அறந்தாங்கி பஸ்ஸு நின்னுச்சு. ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர் வந்து, ‘லக்கேஜ் எதுவும் இல்லையா’ன்னு கேட்டாரு. அப்படியே எறங்கிட்டேன்.”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் அரபு நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் முதலில் வருவது பெட்டிதான். அட்டைப் பெட்டியில் பேரை மார்க்கரால் பெரிதாக எழுதி, மஞ்சள் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருப்பார்கள். தெருவே வந்து அது பிரிக்கப்படுவதைப் பார்க்கும். கம்பளி யாருக்கு, சென்ட் யாருக்கு, பேரீச்சை யார் வீட்டுக்கு எவ்வளவு என்று பேச்சு ஒரு மாதம் ஓடும். பெட்டி இல்லாமல் வந்தவரை யாரும் ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள். ‘அடுத்து எப்பப் பயணம்’ என்று மட்டும் கேட்பார்கள். அதைப் பார்க்கும் இடத்தில் எல்லாம் கேட்பார்கள்.

“இங்க அபார்ட்மென்ட் கட்டுற எடத்துல ஸ்டோர் பாத்துக்கிறேன் டீச்சர். ஒரு பெட்டி கட்டுற அளவுக்குத் தேறுனதும் போயிரலாம்னு நெனச்சேன். தள்ளிக்கிட்டே போகுது.”

“வீட்ல யாருக்கும் சந்தேகம் வரலையா?”

“வாட்ச்ச இன்னும் மாத்தலைங்க. குவைத் நேரத்துலதான் ஓடுது. போன் பேசறப்ப வாய் தவறிரக் கூடாதுல்ல. இங்க உள்ளவங்க சாப்புட்டு முடிச்சப்பறந்தான் நான் சாப்புடப் போவேன். அதுவே பழகிருச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு இரண்டரை மணி நேரம் தாமதமாகப் பசிக்கும் ஒரு மனிதர். பெண்டாட்டி பிள்ளையிடம் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, நிழலை மட்டும் உச்சி வேளையில் அளந்து, இரண்டரை மணி வரை கையில் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்.

“ஏங்க, நேரத்தை மறைக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு நெழல மாத்தி எழுதத் தெரியலையா? ஏதோ ஒரு நம்பரப் போட்டுருக்கலாமே?”

“அது பிள்ளையோட கணக்குங்க டீச்சர்” என்றார்.

மறுபடி அவரே கேட்டார்.

“அபிக்குத் தெரிஞ்சிருமாங்க டீச்சர்?”

“வகுப்புல போட்டா தெரிஞ்சிரும்.”

“சரிங்க டீச்சர்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

காலியிடம்

காலையில் சார்ட்டை மாட்டினேன். குவைத் வரிசையில் ஒன்றும் எழுதவில்லை. அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்வதற்கில்லை. பொய்யான அளவையும் எழுதுவதற்கில்லை. விடை தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள் என்றுதான் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

தலைமையாசிரியர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, “இந்த ஒண்ணு மட்டும் ஏன் பல்லு போன மாதிரி இருக்கு? குவைத்துக்கு எவ்வளவு வரணுமோ அதப் போட்டுருங்களேன். யாரு போயி அளக்கப் போறா?” என்றார். கெட்ட மனிதர் அல்ல. காலியிடத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. எந்தப் படிவத்திலும் ஒரு கோடாவது போட்டுவிடுவார்.

மணி அடிப்பதற்கு முன் அபிநயா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“எங்கப்பா அளவு காலியா இருக்கு டீச்சர்.”

“வந்துச்சும்மா. அதப் பத்தி ஒன்கிட்டப் பேசிட்டு...”

“இருவத்தி மூணுதானே?”

நான் அவளைப் பார்த்தேன்.

“அம்மா போனுக்கும் அனுப்புனாங்க. நேத்து சாயந்தரமே போட்டுப் பாத்துட்டேன். பதிமூணு டிகிரி. மெட்ராஸு.”

நான் அறந்தாங்கியில் தரையில் உட்கார்ந்து போட்ட கணக்கை, அதே நேரத்தில் இவளும் ஒரு டிபன் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து போட்டிருக்கிறாள். எனக்காவது ஐம்பதை ஒட்டிய வயது. இவள் அந்தப் பதின்மூன்றை வைத்துக்கொண்டு ஒருத்தியாக எப்படி ஒரு ராத்திரியைக் கழித்தாளோ.

“அம்மாகிட்டச் சொன்னியா?”

“வெடியக்காலைலதான் சொன்னேன். அம்மா இட்லித் தட்ட எறக்கி வச்சுட்டு, ‘அந்தாள வரச் சொல்லு’ன்னு மட்டும் சொன்னாங்க.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“எனக்கு முன்னாடியே டவுட்டு டீச்சர். ஒருநா அப்பா பேசிக்கிட்டு இருக்கறப்ப, பின்னாடி ‘உப்பு, கோலமாவு’ன்னு வண்டில கூவிக்கிட்டுப் போனாங்க. குவைத்துல யாரு கோலம் போடுறா?”

“நேராவே கேட்டுருக்கலாமேம்மா.”

“கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. அப்படி ஒரு தடவ என்கிட்டயே சொல்லிட்டா, அப்பறம் அவங்களால வர முடியாதுல்ல டீச்சர்.”

என் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அதான் அன்னிக்கு ஒங்க போன்ல பேசறப்பச் சொன்னேன். ‘அப்பா, நெழல அளந்து அனுப்புனா நீங்க எங்கிட்டு நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிரும். பாத்து அனுப்புங்க’ன்னு.”

அப்படியென்றால் அவருக்குத் தெரியும். அந்த எண்ணை அனுப்பினால் பிடிபட்டுவிடுவோம் என்று தெரிந்தேதான் அவ்வளவு கவனமாக அளந்திருக்கிறார். குடத்தைத் தள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? “அபிக்குத் தெரிஞ்சிருமாங்க டீச்சர்” என்று அவர் கேட்டபோது, பயந்துபோய்க் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். மகளுக்குத் தெரிந்துவிட வேண்டுமே என்றல்லவா கேட்டிருக்கிறார்!

மணி அடித்தது. அபிநயா என் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்துக்கொண்டாள்.

“நானே எழுதிர்றேன் டீச்சர்.”

“எல்லாரும் கேப்பாங்களே?”

“கேக்கட்டும்.”

வகுப்பில் அவள் எழுதி முடிப்பதற்குள் ஜெனிபர் அட்டவணையைப் பார்த்துவிட்டாள். “பதிமூணு டிகிரி! ஏய், இது குவைத் இல்லடி, தப்பா அளந்துருக்காங்க!” என்று கத்தினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அதற்குள் அபிநயா பேசிவிட்டாள். விடை சொல்லும்போது நிற்பாளே, அப்படியே நின்றாள்.

“தப்பில்ல. எங்க அப்பா மெட்ராஸுக்கு வந்துட்டாங்க. முன்னாடி ரெண்டாயிரத்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாங்க. இப்ப முந்நூத்திச் சொச்சந்தான். தெக்கு வடக்கா மட்டும். இன்னுங் கொஞ்சந்தான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெனிபர், “முந்நூத்தி முப்பத்தி மூணு” என்று மெல்லச் சொன்னாள். அபிநயா அதைச் சார்ட்டில் எழுதினாள்.

பங்குனி வெயில்

கண்காட்சியில் எங்கள் சார்ட்டுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. விளக்கு எரியும் மாதிரிகளுக்குத்தான் எப்போதும் கிடைக்கும்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம், பஸ் ஜன்னல் வழியாக முருகேசனைப் பார்த்தேன். எதிர்ப் பக்கம் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு பை. பெட்டி இல்லை. அபிநயா அந்தப் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். செல்வி இரண்டடி தள்ளி நின்று, யாரோ போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. முருகேசன் கையைத் திருப்பி மணி பார்த்தார். மாற்றி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

என் பஸ் கிளம்பிவிட்டது. அன்று எனக்குச் சந்தோஷத்தோடு பொறாமையும் இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்தது. தப்பான இடத்தில் நின்றாலும், நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து வந்த பொறாமை அது.

பங்குனியில் மறுபடி பகலும் இரவும் சமமாகும் நாள் வந்தது. இந்த முறை அது விடுமுறையில் விழுந்தது. மைதானமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள், சும்மா இருக்க முடியாமல் ஒரு கம்பை நிறுத்தி, நூல் கட்டி, உச்சி வேளைக்காகக் குடையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் அந்த டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பதினெட்டு வந்தது. வராமல் எங்கே போகும்.

அளந்தாகிவிட்டது. யாருக்கு அனுப்புவது? போனைக் கையில் வைத்துக்கொண்டு பேர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் செல்வியின் எண்ணுக்கு ‘18’ என்று மட்டும் அனுப்பினேன். அனுப்பிய உடனே, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அழிக்கப் போனேன். அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

போன் அடித்தது. அபிநயாவின் குரல்.

“டீச்சர், பதினெட்டுன்னா நீங்க வீட்லதான் இருக்கீங்க. தனியா என்ன பண்றீங்க? சாப்பிட வரச் சொல்றாங்க அம்மா. அப்பா நண்டு வாங்கிட்டு வந்துருக்காங்க.”

அழுதேன் என்றுதான் எழுத வேண்டும். மாடியில் வேறு யாரும் இல்லாததால் தாராளமாகவே அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கட்டுமாவடி பஸ் பிடிக்க நடந்தேன்.